இங்கேயும் பனை

மாமாவின் பறப்புக் குறிப்பேடு
நீலத் துணி அட்டை, ஒரு மூலையை எலி தின்றிருக்கிறது.
தேதி, விமானம், பணி, மணி, நிமிடம்.
கடைசி வரி மட்டும் வேறொருவன் கையெழுத்து:
திரும்பவில்லை.

றூபஸ் சங்கரப்பிள்ளை.
மானிப்பாயில் இரண்டு வருடம் கணக்கு வாத்தியார்.
மெயில் கோச்சியில் கொழும்பு, பிறகு பம்பாய்க்குக் கப்பல்.
வயது இருபத்திமூன்று. வலது முழங்காலில்
கிணற்றுக்கட்டில் விழுந்த தழும்பு.
"அடையாளங்கள்" என்ற கட்டத்தில் அதை எழுதியிருக்கிறார்கள்.
அதை வைத்து அவரைத் தேட
ஒருத்தரும் போகவில்லை.

அம்பாலா. தனியே பறந்த முதல் நாள், பதினைந்து நிமிடம்.
பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சேவல்.
ஏன் சேவல்?
கேட்பதற்கு இப்போது ஆளில்லை.

எங்கள் ஹோலில் யேசுவுக்குக் கீழே இருந்தது அவர் படம்:
தொப்பி கொஞ்சம் சரிந்து,
மார்பில் நூலால் தைத்த சிறகு.
நத்தாருக்கு முதல்நாள் அம்மா கண்ணாடியில் மூச்சை ஊதி
சேலைத் தலைப்பால் துடைப்பா.
யேசுவுக்குத் தூசிதட்டி போதும்.

தொண்ணூறில் பின்னேரங்களில் சகடை வந்தது.
அடுத்த வளவுச் சனமும் எங்கள் பங்கருக்குள்தான்.
ஒருநாள் பொம்மர் போன பிறகு
தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான் திரவியத்தின் மகன்.
ஒன்பது வயது. தலைமுடியெல்லாம் பங்கர் மண்.
செம்பை அண்ணாந்தவன் படத்தைக் கண்டான்.
"உங்கட ஆக்களிலயும் பொம்மர்காரன் இருந்தவனோ?"

செம்பை வைத்துவிட்டு அவன் போனான்.
போன முதுகைப் பார்த்து அம்மா சொன்னா:
"அவன் அரிசி போட்டவன்.
காட்டுக்குள்ள பட்டினி கிடந்த சனத்துக்கு
மேலயிருந்து அரிசி போட்டவன்."

அன்றிரவு படம் இறங்கியது. ஆணி நின்றது.
தொண்ணூற்றைந்தில்
வீட்டையும் ஆணியையும் யேசுவையும் விட்டுவிட்டு நடந்தோம்.
நாவற்குழிப் பாலம் தாண்டவே விடிந்துவிட்டது.
சாக்கை அவிழ்த்தால் அரிசிக்குள் படம்.

குறிப்பேட்டை நான் கண்டது
அம்மா செத்த எட்டாம் நாள்,
டிரங்குப் பெட்டியின் அடித்தாளுக்கும் கீழே.

மார்ச் நாற்பத்தைந்து. ஐராவதிக்குக் கிழக்கே.
ஹரிக்கேன். குண்டு இரண்டு, இருநூற்றைம்பது இறாத்தல்.
கிராமம். எதிரி இருப்பதாகத் தகவல்.
எரிந்த கூரைகள் பதினொன்று.
கணக்கு வாத்தியார், எண்ணியிருக்கிறார்.

எல்லாம் ஆங்கிலம். ஓரத்தில் மட்டும்
சேவல் கீறிய அதே பென்சிலில், தமிழில்:
இங்கேயும் பனை.

மேலிருந்து பார்த்தால் தென்னையும் பனையும் ஒன்றுதான்.
நன்றாகத் தாழ்ந்து வந்தால்தான் பிரிந்து தெரியும்.
எவ்வளவு தாழ்வு என்று எனக்குத் தெரியும்.
பங்கர் வாசலில் நின்று
நான் ஒருமுறை ஓட்டுகிறவனின் தலையைக் கண்டிருக்கிறேன்.
உருண்டையாய், யாரோ ஒருவனின் தலை.
அவனும் எங்கள் பனையைக் கண்டிருப்பானோ,
கண்டால் வீட்டுக்கு எழுதியிருப்பானோ,
தெரியாது.

அதன்பிறகு ஆறு நாள் பறப்பில்லை. காய்ச்சல்.
ஏழாம் நாள் அதே ஆறு, அதே கரை.
வானிலை தெளிவு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.
மிச்சத்தை மற்றவன் எழுதினான்.

அம்மா உடுவிலில் படித்தவ.
ஆங்கிலம் எனக்கு அவதான் சொல்லித்தந்தா.
பொதி வந்த நாற்பத்தாறிலேயே
ஒவ்வொரு வரியும் வாசித்திருப்பா.

தாளை வெளிச்சத்தில் சரித்தேன்.
இறப்பர் தேய்த்த இடம் மினுங்குகிறது.
எப்போது தேய்த்தா? அந்தப் பெடியன் செம்பை வைத்த இரவோ?
பாதியில் கை நின்றிருக்கிறது.
"இங்கேயும்" மங்கல்.
பனை அப்படியே நிற்கிறது.